ஆடியோ டிரைவரில் பாயிண்டர் கிராஷ்: புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சாதாரண நிரலில் தவறான பாயிண்டரைத் தொட்டால் அந்த நிரல் மட்டும் சாகும். கெர்னலுக்குள் அதே தவறு நடந்தால் பாட்டு நிற்பதோடு விஷயம் முடியாது. ஒரு லாக்கைப் பிடித்தபடி கெர்னல் நிரல் விழுந்தால், அந்த லாக்குக்காக நிற்கும் மற்ற வேலைகளும் உறைந்துவிடும். வன்பொருள் அனுப்பும் அவசர அழைப்பான இன்டரப்டுக்குள் விழுந்தால் இயந்திரமே நின்றுவிடும். ஒலிக்கான டிரைவர் எழுதுகிறவர் இதை முதல் நாளிலேயே மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சி மொழி தெரிந்து, ஒருமுறையாவது லினக்ஸ் கெர்னலைக் கட்டிப் பார்த்து, இப்போது அல்சா (லினக்ஸின் ஒலி அமைப்பு) அல்லது ஏசாக் (அதில் சிறு பலகைகளின் ஒலிச் சிப்புகளுக்கான பகுதி) பக்கம் வருகிறவர்களை நினைத்து இதை எழுதுகிறேன். ஃபங்ஷன் பெயர்களை உச்சரிக்கும் விதத்திலேயே எழுதியிருக்கிறேன். கெர்னல் மூலத்தில் தேடும்போது எளிதில் கண்டுபிடித்துவிடலாம்.

கிராஷ் வந்த இடத்தில், பாயிண்டர் எதையும் சுட்டாத வெற்று மதிப்பா (நல்) என்று பார்க்கும் ஒரு நல் சோதனையைச் சொருகிவிட்டு அடுத்த வேலைக்குப் போகிற பழக்கம் பலருக்கு உண்டு. எனக்கும் இருந்தது. பல நேரங்களில் அது நோயை மறைக்கும், தீர்க்காது. இந்தப் பாயிண்டருக்கு எப்போது உயிர் வருகிறது, எப்போது போகிறது, அந்தக் காலத்துக்கு வெளியே அதை யார் தொடுகிறார்கள் என்று கேட்கப் பழகினால், பாதி கிராஷ்கள் எழுதும்போதே கண்ணில் பட்டுவிடும்.

முதலில் ஊப்ஸை வாசிக்கப் பழகுங்கள்

கிராஷ் ஆனதும் டிமெசேஜில் (கெர்னல் பதிவைக் காட்டும் கட்டளை) கொட்டும் ஊப்ஸ் என்ற அந்த நீளமான பதிவைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். முதலில் பார்க்க வேண்டியது அதில் இருக்கும் முகவரி. பாயிண்டர் எந்த வகையில் கெட்டுப்போயிருக்கிறது என்பதை அந்த எண்ணே பெரும்பாலும் சொல்லிவிடும்.

முகவரி 0000000000000018 போலச் சின்ன எண்ணாக இருந்தால், ஒரு ஸ்ட்ரக்ட் பாயிண்டர் நல் மதிப்பில் இருந்திருக்கிறது, அதற்குள் 24 பைட் தள்ளி இருக்கும் புலத்தைப் படிக்கப் போயிருக்கிறீர்கள் என்று பொருள். பதிவில் இருப்பது பதினாறடிமான எண், அதனால்தான் 18 என்பது 24 ஆகிறது. பஹோல் என்ற கருவியில் அந்த ஸ்ட்ரக்டின் பெயரைக் கொடுத்தால், 24-ஆவது பைட்டில் எந்தப் புலம் இருக்கிறது என்று காட்டிவிடும்.

முகவரி முழுக்க எஃப் எழுத்தாக வந்து கடைசி மூன்று இலக்கம் மட்டும் வேறாக இருந்தால், அது பிழை எண்ணைச் சுமந்த பாயிண்டர். இதைப் பற்றி அடுத்த பகுதியில் சொல்கிறேன். 6பி6பி6பி என்று திரும்பத் திரும்ப வந்தால், விடுவித்துவிட்ட மெமரியைப் படித்திருக்கிறீர்கள். ஸ்லப் (கெர்னலின் மெமரி ஒதுக்கி) பிழைதிருத்தம் இயக்கத்தில் இருக்கும்போது, விடுவித்த இடத்தைக் கெர்னல் அந்த பைட்டால் நிரப்பி வைக்கும். 'டெட்' என்ற எழுத்துகளில் தொடங்கும் முகவரி பெரும்பாலும் ஏற்கெனவே பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட உறுப்பிலிருந்து வந்திருக்கும்.

அடுத்து, ஃபங்ஷன் பெயரும் கூட்டல் குறிக்குப் பிறகு ஓர் எண்ணும் இருக்கும் வரி. டீபக் இன்ஃபோவுடன் கட்டிய கெர்னல் இருந்தால், ஸ்கிரிப்ட்ஸ் அடைவில் உள்ள எஃப்ஏடிடிஆர்2லைன் அந்த எண்ணை மூலக்கோப்பின் வரி எண்ணாக மாற்றிக் கொடுக்கும். முழு ஸ்டாக்கையும் மாற்ற அதே அடைவில் டீகோட்_ஸ்டாக்டிரேஸ் இருக்கிறது. இந்த இரண்டையும் தேவை வருவதற்கு முன்பே ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுங்கள். பிழை வந்த பிறகு கருவியைக் கற்றுக்கொள்ள உட்கார்ந்தால் இரண்டு தலைவலி சேர்ந்துவிடும்.

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். அல்சாவில் 'பாயிண்டர்' என்ற பெயரில் ஒரு கால்பேக்கும் (டிரைவர் எழுதிக் கொடுத்து, அல்சா அழைக்கும் ஃபங்ஷன்) உண்டு. அதற்கும் மெமரி முகவரிக்கும் சம்பந்தமில்லை. வன்பொருள் இப்போது பஃபரில் எந்த ஃபிரேமில் (எல்லாச் சேனல்களுக்கும் ஒவ்வொரு சாம்பிள் சேர்ந்தது) நிற்கிறது என்று அது சொல்ல வேண்டும். பஃபர் அளவுக்குச் சமமாகவோ அதற்கு மேலாகவோ எண்ணைக் கொடுத்தால், 'இன்வேலிட் பொசிஷன்' என்று கெர்னல் பதிவில் எழுதிவிட்டு 0 என எடுத்துக்கொள்ளும். அது கிராஷ் இல்லை. பைட்டுகளை ஃபிரேம்களாக மாற்ற மறந்திருப்பீர்கள், பெரும்பாலும் அதுதான் காரணம்.

தோற்றால் எதைத் திருப்பித் தருகிறது என்று பாருங்கள்

கெர்னலில் ஃபங்ஷன் தோற்றுப்போனதைச் சொல்ல இரண்டு வழக்கங்கள் உண்டு, இரண்டும் ஒரே ப்ரோப் ஃபங்ஷனுக்குள் (சாதனம் கிடைத்ததும் டிரைவரைத் தயார்செய்ய ஓடுவது) கலந்தே வரும். புதியவர்கள் முதலில் சறுக்குவது இங்கேதான்.

மெமரி கேட்கும் டெவ்எம்_கேஇசட்அல்லாக் தோற்றால் நல் தரும். டெவ்எம்_சிஎல்கே_கெட், டெவ்எம்_ரெக்மேப்_இனிட்_ஐ2சி போன்றவை நல் தராது; பிழை எண்ணையே பாயிண்டர் வடிவில் தரும். முகவரி வெளியின் கடைசி 4095 எண்களைக் கெர்னல் இதற்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறது. மெமரி இல்லை என்றால் மைனஸ் 12, சாதனம் இல்லை என்றால் மைனஸ் 19, 'நான் சார்ந்திருப்பது இன்னும் தயாராகவில்லை, பிறகு வா' என்றால் மைனஸ் 517. மேலே எஃப் வரிசை என்று சொன்னது இவைதான். கடைசி மூன்று இலக்கம் டிஎஃப்பி என்று இருந்தால் அது மைனஸ் 517. சிப்புக்குத் துடிப்பு தரும் ஒரு கிளாக்கோ மின்சாரம் தரும் ரெகுலேட்டரோ இன்னும் வராத நிலையில், வந்துவிட்டதாக நினைத்து அதைப் பயன்படுத்தியிருக்கிறீர்கள்.

இப்படிப்பட்ட பாயிண்டரை நல்லா என்று சோதித்துப் பயனில்லை. அது நல் இல்லை, சோதனையைத் தாண்டிப் போய் அடுத்த வரியில் விழும். இஸ்_எர் கொண்டு சோதித்து, பிடிஆர்_எர் கொண்டு எண்ணை எடுத்துத் திருப்பி அனுப்ப வேண்டும். ப்ரோப்பில் இருந்தால் டெவ்_எர்_ப்ரோப் பயன்படுத்துங்கள். மைனஸ் 517 வரும்போது வீணாகப் பிழைச்செய்தி எழுதாமல், காத்திருப்பதற்கான காரணத்தை மட்டும் குறித்து வைக்கும்.

சரி, இரண்டையும் சேர்த்துச் சோதிக்க இஸ்_எர்_ஆர்_நல் இருக்கிறதே, எல்லா இடத்திலும் அதையே போட்டுவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். மதிப்பு நல்லாக இருந்து, நீங்கள் அடுத்த வரியில் பிடிஆர்_எர் எடுத்துத் திருப்பினால் கிடைப்பது 0. கெர்னலின் மொழியில் 0 என்றால் வெற்றி. ப்ரோப் வெற்றி என்று பதிவாகும், உள்ளே ஒன்றுமே தயாராக இருக்காது, யாராவது பாட்டைப் போடும்போது கிராஷ் ஆகும். பிழை நடந்த இடமும் வெடித்த இடமும் வேறு வேறாகிவிடும். ஸ்மேட்ச் என்ற சோதனைக் கருவி இந்தத் தவறைத் தனியாகவே கண்டுபிடித்துச் சொல்கிறது. அவ்வளவு பேர் செய்கிறார்கள்.

'ஆப்ஷனல்' என்று முடியும் ஃபங்ஷன்கள் இன்னொரு வகை. டெவ்எம்_சிஎல்கே_கெட்_ஆப்ஷனல் நல் தந்தால் அது பிழை இல்லை, 'இந்தச் சர்க்யூட் பலகையில் அந்தக் கிளாக் கிடையாது' என்று பொருள். அந்த நல்லை அப்படியே சிஎல்கே_ப்ரிப்பேர்_எனேபிளிடம் கொடுக்கலாம், அது பேசாமல் 0 தந்துவிடும். இங்கே நல் சோதனை போட்டு வெளியேறினால், நன்றாக ஓட வேண்டிய பலகையை நீங்களே முடக்கியதாகும்.

பலகையின் ஒலிப் பாகங்களை இணைக்கும் மெஷின் டிரைவர் எழுதுகிறவர்கள் எஸ்என்டி_சாக்_கார்ட்_கெட்_கோடெக்_டாய் என்பதைக் கவனியுங்கள். கொடுத்த பெயரில் டாய் (சிப்பின் டிஜிட்டல் ஒலி இணைப்பு) இல்லை என்றால் நல் தரும். பெயரில் ஓர் எழுத்து பிசகினால் போதும், அடுத்த வரியில் கிராஷ். பலகையின் வன்பொருளை விவரிக்கும் டிவைஸ் ட்ரீயிலிருந்து எடுக்கும் ஆஃப்_பார்ஸ்_ஃபேண்டிலும் அப்படித்தான். இங்கெல்லாம் நல் சோதனை முறையான வேலை, தயங்காமல் போடுங்கள்.

பழக்கத்துக்கு ஒன்று: புதிதாக எந்த ஃபங்ஷனை அழைத்தாலும், அதன் மூலத்தைத் திறந்து தோல்விப் பாதையில் ரிட்டர்ன் வரி என்ன சொல்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். பெயரை வைத்து ஊகிக்க வேண்டாம். பதிவில் அச்சிட்டுப் பார்க்க வேண்டுமானால் %பிஈ போடுங்கள், பிழையின் பெயரையே எழுதிக் காட்டும். வெறும் %பி போட்டால் 4.15 பதிப்பு முதல் உண்மையான முகவரி வராது, கலைத்துப் போட்ட எண்தான் வரும்.

ப்ரோப்பில் வரிசை முக்கியம்

எனக்கு இந்தப் பாடம் வந்த விதத்தைச் சொல்கிறேன். ஒரு சிறிய ஆர்ம் பலகை, அதில் ஹெட்ஃபோன் செருகியதைக் கண்டறியும் ஒரு கோடெக் (டிஜிட்டல் ஒலியையும் அனலாக் ஒலியையும் ஒன்றிலிருந்து மற்றொன்றாக மாற்றும் சிப்). பத்து முறை பூட் செய்தால் ஒருமுறை கிராஷ். முகவரி எப்போதும் 18. பஹோலில் பார்த்தேன், 24-ஆவது பைட்டில் இருந்தது, ஏசாக்கில் கோடெக்கைக் குறிக்கும் காம்பொனென்ட் ஸ்ட்ரக்டின் கார்ட் புலம். அதாவது காம்பொனென்ட் பாயிண்டரே நல். உடனே ஜாக் வேலையின் (இன்டரப்ட் வந்த பின் செருகலைப் பார்க்கும் ஃபங்ஷன்) தொடக்கத்தில், காம்பொனென்ட் நல்லாக இருந்தால் திரும்பிப் போ என்று ஒரு வரி போட்டேன். நூறு பூட்டில் ஒரு கிராஷ் கூட இல்லை. முடித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

இரண்டு வாரம் கழித்துப் புதிய புகார்: ஹெட்ஃபோனைச் செருகி வைத்தபடி பூட் செய்தால், சில நேரம் ஒலி ஸ்பீக்கரிலேயே வருகிறது. பிடுங்கிச் செருகினால் சரியாகிவிடுகிறது.

காரணம் நான் போட்ட அந்த ஒரு வரிதான். ப்ரோப் ஃபங்ஷனில் இன்டரப்டைப் பதிவு செய்த அடுத்த கணமே, ஏற்கெனவே செருகியிருந்த ஹெட்ஃபோனால் இன்டரப்ட் வந்துவிடுகிறது. ஆனால் காம்பொனென்ட் பாயிண்டர் நிரம்புவது பிறகு, ஏசாக் அட்டை (பாகங்கள் சேர்ந்த முழு ஒலிச் சாதனம்) ஒன்றுசேரும்போது அழைக்கப்படும் காம்பொனென்ட் ப்ரோப்பில். இடைப்பட்ட நேரத்தில் வந்த இன்டரப்டை முன்பு கிராஷ் விழுங்கியது, இப்போது என் சோதனை விழுங்கியது. ஹெட்ஃபோன் இருக்கிறது என்ற செய்தி இரண்டு வகையிலும் தொலைந்துபோனது. சத்தம் போட்ட பிழையை ஊமையாக்கியிருக்கிறேன், அவ்வளவுதான்.

சரியான தீர்வுகள் இரண்டு உண்டு. அட்டை தயாராகவில்லை என்றால் அந்த வேலையைச் சில மில்லி நொடி தள்ளி மறுபடி வரிசையில் போடலாம். பல கோடெக் டிரைவர்கள் அப்படித்தான் செய்கின்றன. அல்லது, மெஷின் டிரைவர் ஜாக்கைக் கொடுக்கும் செட்_ஜாக் கால்பேக் வரும் வரை இன்டரப்டை முடக்கி வைத்து, அங்கே இயக்கிவிட்டு, அப்போதைய ஜாக் நிலையை ஒருமுறை படித்துக்கொள்ளலாம். எனக்கு இரண்டாவது வழிதான் பிடிக்கும். பாயிண்டர் உயிர் பெறும் நேரமும் அதைத் தொடுகிறவர் வரும் நேரமும் ஒரே இடத்தில் கண்ணுக்குத் தெரியும்.

ப்ரோப்பில் நான் இப்போது கடைப்பிடிக்கும் வரிசை இது. முதலில் சுழியமாக்கப்பட்ட மெமரியில் சொந்த ஸ்ட்ரக்ட். உடனே டெவ்_செட்_டிரைவ்டேட்டா, இதைக் கடைசிக்கு ஒத்திப்போட்டால், நடுவில் வரும் ஏதாவது கால்பேக் வெறும் நல்லை எடுத்துக்கொண்டு ஓடும். அப்புறம் மியூடெக்ஸ், ஸ்பின்லாக், ஒத்திவைக்கும் வேலை என எல்லாவற்றின் தொடக்க அமைப்பு. பிறகு ரெகுலேட்டர், கிளாக், ரெக்மேப் (சிப்பின் ரெஜிஸ்டர்களைத் தொடும் வழி). சிப்பின் அடையாள எண்ணைப் படித்துச் சரிபார்த்த பிறகு இன்டரப்ட், ஆனால் இயக்காத நிலையில். கடைசியாகக் காம்பொனென்ட் பதிவு. பதிவு செய்த கணத்திலிருந்து வெளியுலகம் உங்களை அழைக்கலாம், அதற்குப் பிறகு நிரப்ப வேண்டியது என்று எதுவும் மிச்சம் இருக்கக்கூடாது.

சப்ஸ்ட்ரீமும் ரன்டைமும்: குறைந்த ஆயுள் கொண்டவை

ஒலித் தரவு ஓடும் பிசிஎம் பக்கம் வந்தால், ஆயுள் பற்றிய குழப்பம் இன்னும் கூடும். சப்ஸ்ட்ரீம் (ஒரு திசையில் ஓடும் ஒலித் தடம்), அட்டை இருக்கும் வரை இருக்கும். அதற்குள் இருக்கும் ரன்டைம் (அப்போதைய ஓட்டத்தின் நிலை) அப்படியில்லை. ஒரு செயலி திறக்கும்போது உருவாகி, மூடும்போது போய்விடும். மூடிய பிறகு சப்ஸ்ட்ரீமுக்குள் ரன்டைம் நல்லாக இருக்கும்.

இப்போது இன்டரப்ட் ஹேண்ட்லரை நினைத்துப் பாருங்கள். உங்கள் ஸ்ட்ரக்டில் சப்ஸ்ட்ரீம் பாயிண்டரைச் சேமித்து வைத்து, ஒவ்வொரு பீரியட் (பஃபரின் ஒரு துண்டு) முடியும்போதும் எஸ்என்டி_பிசிஎம்_பீரியட்_எலாப்ஸ்டை அழைக்கிறீர்கள். பயனர் பாட்டை நிறுத்துகிறார், ஓட்டத்தைத் தொடங்கி நிறுத்தும் டிரிகர் கால்பேக்கில், ஒலித் தரவை நகர்த்தும் டிஎம்ஏவை நிறுத்துகிறீர்கள். ஆனால் அதே நேரத்தில் இன்னொரு பிராசஸரில் ஹேண்ட்லர் ஏற்கெனவே பாதி ஓடிக்கொண்டிருக்கலாம். அது முடிவதற்குள் மூடல் நடந்துவிட்டால், அது தொடுவது இல்லாத ரன்டைமை.

டிரிகருக்குள் காத்திருக்க முடியாது. சாதாரணமாக அது தூங்கக்கூடாத சூழலில் ஓடுகிறது. அதற்காகவே சிங்க்_ஸ்டாப் என்ற கால்பேக் இருக்கிறது. நிறுத்திய பிறகு, அடுத்த தயாரிப்புக்கோ விடுவிப்புக்கோ முன், தூங்கலாம் என்ற சூழலில் அல்சா அதை அழைக்கும். அங்கே சிங்க்ரனைஸ்_ஐஆர்க்யூ அழைத்தால், ஓடிக்கொண்டிருக்கும் ஹேண்ட்லர் முடியும் வரை காத்திருக்கும். அதைக்கூட எழுத வேண்டாம் என்றால், அட்டையின் சிங்க்_ஐஆர்க்யூ புலத்தில் இன்டரப்ட் எண்ணைப் போட்டுவிடுங்கள், அல்சாவே பார்த்துக்கொள்ளும். இவ்வளவு செய்த பிறகு, மூடும் கால்பேக்கில் உங்கள் சேமித்த சப்ஸ்ட்ரீம் பாயிண்டரை ஸ்பின்லாக்கின் கீழ் நல்லாக்குங்கள்.

அந்த ஸ்பின்லாக்கைப் பிடித்தபடியே பீரியட்_எலாப்ஸ்டை அழைக்காதீர்கள். அது உள்ளே ஸ்ட்ரீமின் லாக்கை எடுக்கும், சில நேரம் உங்கள் டிரிகரையே திரும்ப அழைக்கும். டிரிகரும் அதே ஸ்பின்லாக்கைக் கேட்டால் இரண்டும் ஒன்றையொன்று பார்த்தபடி நின்றுவிடும். லாக்கை விட்டுவிட்டு அழைத்து, தேவையானால் மறுபடி பிடியுங்கள்.

இன்னொன்று: ஒலியின் அமைப்பைத் தீர்மானிக்கும் ஹெச்டபிள்யூ_பேரம்ஸ் ஒரே திறப்பில் பல முறை அழைக்கப்படலாம், ஹெச்டபிள்யூ_ஃப்ரீயும் அப்படியே. ஃப்ரீயில் மெமரியை விடுவித்துவிட்டுப் பாயிண்டரை நல்லாக்க மறந்தால், இரண்டாவது அழைப்பில் அதே மெமரியை மறுபடி விடுவிப்பீர்கள். கேஃப்ரீயிடம் நல் கொடுத்தால் ஒன்றும் ஆகாது. பழைய முகவரியைக் கொடுத்தால் எப்போது, எங்கே வெடிக்கும் என்று சொல்லவே முடியாது. பஃபர்களைப் பொறுத்தவரை, எஸ்என்டி_பிசிஎம்_செட்_மேனேஜ்ட்_பஃபர்_ஆல் அழைத்து முழுப் பொறுப்பையும் அல்சாவிடம் கொடுத்துவிடுவதே நல்லது.

சுற்றி முடித்த பட்டியல்

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் அனுபவம் உள்ளவர்களே விழுகிற குழி. லிஸ்ட்_ஃபார்_ஈச்_என்ட்ரி கொண்டு அட்டையின் ஆர்டிடிகளில் (ஒவ்வோர் ஒலி இணைப்புக்கும் ஏசாக் வைத்திருக்கும் ஸ்ட்ரக்ட்) ஒன்றைத் தேடுகிறீர்கள். கிடைத்தால் பிரேக். கிடைக்காமல் பட்டியல் முடிந்தால், சுற்றும் மாறி நல்லாக இருக்காது. பட்டியலின் தலையையே ஓர் உறுப்பு என்று எண்ணிக் கணக்கிட்ட போலி முகவரி அதில் இருக்கும். 'கிடைத்ததா' என்று சோதித்தால் எப்போதும் ஆம் என்றுதான் வரும். தேடலுக்கு முன் நல் வைத்த தனி மாறி ஒன்றை வைத்து, கிடைத்ததை அதில் போட்டுவிட்டு வெளியே வாருங்கள். காலிப் பட்டியலில் முதல் உறுப்பைக் கேட்பதிலும் இதே சிக்கல், அதற்கு லிஸ்ட்_ஃபர்ஸ்ட்_என்ட்ரி_ஆர்_நல் இருக்கிறது.

கழற்றும் நேரம்

டெவ்எம் என்று தொடங்குபவை எல்லாவற்றையும் தானே விடுவிக்கும் என்பது உண்மை. எப்போது விடுவிக்கும் என்பதில்தான் பொறி. டிரைவரைக் கழற்றும் ரிமூவ் ஃபங்ஷன் முடிந்த பிறகு, எடுத்த வரிசைக்குத் தலைகீழாக.

அதனால் இது நடக்கும்: ரிமூவில் ஒத்திவைத்த ஜாக் வேலையை ரத்து செய்கிறீர்கள். டெவ்எம் வழியாக எடுத்த இன்டரப்ட் இன்னும் உயிரோடு இருக்கிறது. சரியாக அந்த இடைவெளியில் யாரோ ஹெட்ஃபோனைப் பிடுங்குகிறார், ஹேண்ட்லர் வேலையை மறுபடி வரிசையில் போடுகிறது. பிறகு இன்டரப்ட் போகிறது, மெமரி போகிறது, கால் நொடி கழித்து வேலை எழுந்து 6பி6பியைப் படிக்கிறது.

ரிமூவில் முதலில் இன்டரப்டை முடக்குங்கள், அப்புறம் வேலையை ரத்து செய்யுங்கள். இதைவிட அழகான வழி, ரத்து செய்வதையும் டெவ்எம்மிடமே ஒப்படைப்பது: ப்ரோப்பில் இன்டரப்ட் கேட்பதற்கு முன்பே டெவ்எம்_டிலேய்ட்_வொர்க்_ஆட்டோகேன்சல் அழைத்தால், தலைகீழ் வரிசைப்படி இன்டரப்ட் முதலில் போகும், வேலை அடுத்து ரத்தாகும், மெமரி கடைசியாகப் போகும்.

யூஎஸ்பி போல ஓடும்போதே பிடுங்கப்படும் சாதனங்களில், செயலி இன்னும் கோப்பைத் திறந்து வைத்திருக்கும். உடனே எல்லாவற்றையும் விடுவித்தால் அந்தச் செயலி மூடும்போது கிராஷ். முதலில் எஸ்என்டி_கார்ட்_டிஸ்கனெக்ட், பிறகு எஸ்என்டி_கார்ட்_ஃப்ரீ_வென்_க்ளோஸ்ட். உங்கள் சொந்த மெமரியை அட்டையின் பிரைவேட்_ஃப்ரீ கால்பேக்கில் விடுவியுங்கள், டிஸ்கனெக்ட் வரும் இடத்தில் வேண்டாம்.

வேண்டுமென்றே உடைத்துப் பாருங்கள்

உங்கள் சோதனைக் கெர்னலில் கேசான் (தவறான மெமரித் தொடுகையைப் பிடிக்கும் கருவி) இயங்கட்டும். 2015-இல் 4.0 பதிப்பில் வந்தது. மெமரியில் எட்டில் ஒரு பங்கை நிழல் கணக்குக்கு எடுத்துக்கொள்ளும், வேகமும் குறையும், ஆனால் விடுவித்த மெமரியைத் தொட்டால் தொட்டவர் யார், ஒதுக்கியவர் யார், விடுவித்தவர் யார் என்று மூன்று ஸ்டாக்கையும் போட்டுக் காட்டும். வாரக்கணக்கில் தேட வேண்டியதை ஒரு பக்கத்தில் தரும்.

கூடவே கான்ஃபிக்_டீபக்_டெஸ்ட்_டிரைவர்_ரிமூவ். இது ஒவ்வொரு டிரைவரையும் ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்றிப் பார்க்கும். ஃபெயில்ஸ்லாப் இருந்தால் மெமரி ஒதுக்கீடுகளை வேண்டுமென்றே தோற்கடிக்கலாம். யாருமே ஓட்டிப் பார்க்காத பிழைப் பாதைகள் அப்போதுதான் முதன்முறையாக ஓடும்.

இவற்றுக்கு மேல் கையால் செய்ய வேண்டியது ஒன்று: ஒரு முனையத்தில் ஒலிக்கோப்பை இசைக்கும் ஏபிளே ஓடட்டும், இன்னொன்றில் சிஸ்எஃப்எஸ் (சாதனங்களைக் கோப்புகளாகக் காட்டும் கெர்னல் அடைவு) வழியாக டிரைவரை அன்பைண்ட் செய்து மறுபடி பைண்ட் செய்யும் சுழல் ஓடட்டும். அதன் நடுவே கையால் ஹெட்ஃபோனைச் செருகிப் பிடுங்குங்கள். இருநூறு சுற்று தாங்கினால் பேட்ச் அனுப்பலாம்.

அனுப்பும்போது, விளக்கத்தில் 'நல் சோதனை சேர்க்கப்பட்டது' என்று மட்டும் எழுத வேண்டாம். எந்த வரிசையில் என்ன நடந்தால் பாயிண்டர் கெடுகிறது என்று நாலு வரியில் சொல்லுங்கள். ஊப்ஸிலிருந்து முகவரி வரியையும் முக்கியமான சில ஸ்டாக் வரிகளையும் மட்டும் வையுங்கள், நேர முத்திரைகளை நீக்கிவிடுங்கள். பிழையைக் கொண்டுவந்த பழைய கமிட்டைத் தேடி, அதன் அடையாளத்தில் முதல் 12 எழுத்தையும் தலைப்பையும் 'ஃபிக்சஸ்' வரியில் குறியுங்கள். அந்த வரி இருந்தால்தான் நிலையான பழைய பதிப்புகளைப் பராமரிப்பவர்களுக்கு உங்கள் திருத்தம் எது வரை பின்னோக்கிப் போக வேண்டும் என்று தெரியும்.